'கொஞ்சம் நடங்கள்' என்றால் எவ்வளவு?

ரசத்துக்கு எவ்வளவு உப்பு போடுவது என்று பாட்டியைக் கேட்டால், "கொஞ்சம் போடு" என்பாள். அந்தக் 'கொஞ்சம்' பாட்டியின் கைக்கு ஓர் அளவு. புதிதாகச் சமையலறைக்குள் நுழைந்த பேத்தியின் கைக்கு வேறோர் அளவு. உப்புக் கூடிப் போனால் ஒரு வேளைச் சாப்பாடு கெடும், அவ்வளவுதான். ஆனால் இருதய நோய் வந்து, ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்து, பிழைத்து வீடு திரும்புகிறவரிடம், "இனிமேல் தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும்" என்று டாக்டர் சொல்லி அனுப்புகிறாரே, அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு?

தெருக்கோடி வரையிலா, கோயில் வரையிலா? மெதுவாகவா, விரைவாகவா? மூச்சு வாங்கினால் நின்றுவிடுவதா, மேலே நடப்பதா? மாடிப்படி ஏறலாமா? தண்ணீர்க் குடத்தைத் தூக்கலாமா? பேரக் குழந்தை ஓடி வந்து கையை நீட்டினால் இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளலாமா, கூடாதா?

இவற்றையெல்லாம் கேட்க வாய் வருவதில்லை. டாக்டருக்கோ வெளியே இன்னும் இருபது பேர் காத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் நோயாளிக்குப் பயம். வீட்டிலுள்ளவர்களுக்கு அதைவிடப் பயம். "நீ ஒன்றும் செய்ய வேண்டாம், அம்மா. பேசாமல் படுத்துக்கொள்" என்று மகள் சொல்கிறாள். அன்பினால்தான் சொல்கிறாள். ஆனால் அந்த அன்பு மாதக் கணக்கில் நீடித்தால், நோய் செய்யாமல் விட்ட கெடுதலைப் படுக்கை செய்து முடித்துவிடும்.

இந்தக் 'கொஞ்ச'த்துக்கு அளவு சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரிட்டன் முதலிய நாடுகளில் அவர்களுக்குக் 'கிளினிகல் எக்ஸர்ஸைஸ் பிஸியாலஜிஸ்ட்' என்று பெயர். வாய்க்குள் எளிதில் நுழையாத பெயர்தான். சிகிச்சைக்காகத் தேகப் பயிற்சி அளிக்கும் நிபுணர் என்று சொல்லலாம். நாம் சுருக்கமாகப் 'பயிற்சி நிபுணர்' என்றே வைத்துக்கொள்வோம்.

படுக்கை செய்த கெடுதல்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மாரடைப்பு வந்தவருக்கு முதல் மருந்து படுக்கைதான். ஆறு வாரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். தானாகச் சாப்பிடக்கூட விட மாட்டார்கள், நர்ஸ் ஊட்டிவிடுவாள். காயம் பட்ட இருதயத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது எண்ணம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் லெவின், லௌன் என்ற இரு டாக்டர்கள் 1952-ல் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். அதாவது, நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பி, பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தார்கள். இதில் என்ன துணிச்சல் என்று இன்று நமக்குத் தோன்றும். அன்று அது பெரிய புரட்சி. நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் இறந்து போகவில்லை, தேறினார்கள். 'நாற்காலி வைத்தியம்' என்றே அதற்குப் பெயர் வந்தது.

படுக்கை எவ்வளவு பொல்லாதது என்பது பிறகு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்தில் ஐந்து வாலிபர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். ஐவருக்கும் இருபது வயது. ஒரு நோயும் கிடையாது. மூன்று வாரம் கழித்துச் சோதித்தபோது, கடும் உழைப்பின்போது பிராண வாயுவை உபயோகிக்கும் சக்தி கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. பிறகு பயிற்சி கொடுத்துத் தேற்றினார்கள்.

கதை அதோடு முடியவில்லை. முப்பது வருஷம் கழித்து, அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்து மறுபடி சோதித்தார்கள். இப்போது அவர்களுக்கு ஐம்பது வயது. தொந்தி விழுந்து, உடம்பு தளர்ந்திருந்தது. ஆனாலும் முப்பது வருஷ முதுமை அவர்களிடமிருந்து பறித்ததைவிட, இளமையில் மூன்று வாரப் படுக்கை பறித்ததே அதிகமாக இருந்தது! இன்னும் ஓர் ஆச்சரியம்: ஆறு மாதம் முறையாகப் பயிற்சி கொடுத்ததும், முப்பது வருஷத்தில் இழந்த அந்தச் சக்தியை அவர்கள் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

"படுத்துக்கொள், அம்மா" என்று சொல்லுமுன் இந்த ஐந்து பேரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வது நல்லது.

டிரைவரும் கண்டக்டரும்

உடல் அசைவு நோயைத் தடுக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஜெர்ரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர். அவர் ஆராய்ந்தது லண்டன் நகரத்து இரட்டை மாடி பஸ்களை! ஒரே பஸ், ஒரே சாலை, ஏறக்குறைய ஒரே மாதிரிக் குடும்பங்கள். ஆனால் டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டரோ டிக்கெட் கொடுப்பதற்காக நாள் முழுவதும் மேல் மாடிக்கும் கீழ் மாடிக்குமாகப் படி ஏறி இறங்குகிறார். மாரடைப்பு யாருக்கு அதிகம் வந்தது? உட்கார்ந்திருந்த டிரைவருக்குத்தான். 1953-ல் இந்தக் கணக்கு வெளிவந்தது. தபால்காரர்களையும் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோதும் இதே கதைதான். நடந்தும் சைக்கிளிலும் தபால் கொடுத்தவர்கள் தப்பித்தார்கள்.

மாரிஸ் சந்தேகப் பிராணி. "ஒருவேளை பருமனானவர்கள்தான் டிரைவர் வேலைக்கு வருகிறார்களோ?" என்று தம்மையே கேட்டுக்கொண்டார். பஸ் கம்பெனி கொடுக்கும் உடுப்புகளின் இடுப்பளவுக் கணக்கை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் கால்சட்டை பெரிதாகத்தான் இருந்தது! ஆகவே முழுப் பழியையும் ஆசனத்தின் மேல் போட முடியாது என்று அவரே ஒப்புக்கொண்டு, மேலும் பல வருஷம் ஆராய்ந்தார். பின்னால் வந்த ஆராய்ச்சிகள் அவருடைய மூலக் கருத்தை உறுதி செய்தன.

அளவுகோல் கிடைத்தது

நடப்பது நல்லது என்று தெரிந்துவிட்டது. ஆனால் மருந்து என்றால் அளவு வேண்டுமே! அளந்து பார்க்க ஒரு கருவி வேண்டாமா?

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து டாக்டர் ராபர்ட் புரூஸ் அதற்கு ஒரு வழி செய்தார். நகரும் பட்டையின்மேல் நோயாளியை நடக்க விட்டு, மார்பில் கம்பிகளை ஒட்டி, இருதயத்தின் மின்சாரத் துடிப்பை அப்போதைக்கப்போது எழுதிக்கொள்வது. இன்று ஊருக்கு ஊர் ஆஸ்பத்திரியில் 'டிரெட்மில் டெஸ்ட்' என்று எழுதிக் கொடுக்கிறார்களே, அதுதான். 1963-ல் அவர் வகுத்த முறைதான் இன்னும் பல இடங்களில் நடக்கிறது. மணிக்கு 1.7 மைல் வேகத்தில் ஆரம்பம். பட்டை கொஞ்சம் மேடாகவே இருக்கும். மூன்று நிமிஷத்துக்கு ஒரு முறை வேகமும் கூடும், மேடும் கூடும். எந்தக் கட்டத்தில் இருதயம் முனகுகிறது என்று பார்த்துக்கொள்கிறார்கள்.

ஸ்வீடன் தேசத்து குன்னார் போர்க் என்பவர் இன்னும் எளிய கருவி ஒன்று கண்டுபிடித்தார். அது வெறும் காகித அட்டை! அதில் 6 முதல் 20 வரை எண்கள். பக்கத்தில் 'மிகச் சுலபம்', 'சற்றுக் கடினம்', 'மிக மிகக் கடினம்' என்ற மாதிரி வார்த்தைகள். நடந்துகொண்டே, "இப்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்ற கேள்விக்கு ஓர் எண்ணைச் சுட்டிக்காட்ட வேண்டும். ஒன்றிலிருந்து ஆரம்பிக்காமல் ஏன் ஆறில் ஆரம்பித்தார்? ஆரோக்கியமான வாலிபருடைய நாடித் துடிப்பைப் பத்தால் வகுத்தால் ஏறக்குறைய இந்த எண் வரும். ஓய்வில் 60 துடிப்பு, உச்சத்தில் 200. அதனால்தான் 6 முதல் 20.

இப்படி ஓர் அளவுகோலும் ஓர் அட்டையும் கிடைத்தன. அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு நோயாளியின் பக்கத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டுமல்லவா? அந்த ஆள்தான் நமது பயிற்சி நிபுணர்.

சிட்னியில் ஓர் அம்மாள்

அவர் என்னதான் செய்கிறார் என்று பார்ப்போம். பிள்ளையோடு ஆஸ்திரேலியாவில் குடியேறி, சிட்னியில் வசிக்கும் அறுபத்தைந்து வயது அம்மாள் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. இரவில் இன்ஸுலின் ஊசி. போன மாதம் இருதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். முழங்காலில் வலி வேறு.

குடும்ப டாக்டர் அவருக்கு ஒரு சிகிச்சைத் திட்டம் எழுதி, பயிற்சி நிபுணரிடம் அனுப்புகிறார். ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் மெடிகேர் திட்டம் 2006-ம் வருஷத்திலிருந்து இந்தச் சந்திப்புக்கும் பணம் கொடுக்கிறது. நாட்பட்ட வியாதி உள்ளவர்களுக்கு வருஷத்தில் ஐந்து சந்திப்பு. பிஸியோதெரபி, உணவு ஆலோசனை முதலியவையும் இந்த ஐந்துக்குள்ளேயே அடக்கம். இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்களுக்கு இதைத் தவிர எட்டுக் கூட்டு வகுப்புகளும் உண்டு. குடியுரிமையோ நிரந்தர வாசமோ பெற்றவர்களுக்கே இந்தச் சலுகை; பேரனைப் பார்க்கச் சுற்றுலா விசாவில் போகிறவர்களுக்குக் கிடையாது.

முதல் நாள் அம்மாள் போனதும் நிபுணர் அவரை ஓடவும் சொல்வதில்லை, குதிக்கவும் சொல்வதில்லை. உட்கார வைத்துப் பேசுகிறார். என்னென்ன மருந்து, எந்த நேரத்தில்? மார்பு வலி எப்போது வந்தது, என்ன செய்துகொண்டிருந்தபோது? கீழே விழுந்தது உண்டா? தூக்கம் எப்படி? எந்தக் காரியத்தை மறுபடி செய்ய ஆசை? கடைசிக் கேள்விதான் முக்கியம். அம்மாளின் ஆசை, பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்தி அழைத்துப் போவதாக இருக்கலாம். கோயிலில் பிரகாரம் சுற்றுவதாக இருக்கலாம். எந்த ஆசையோ, அதுவே பயிற்சியின் இலக்கு.

பிறகு சோதனைகள். ரத்த அழுத்தம். முப்பது மீட்டர் நீளமுள்ள தாழ்வாரத்தில் ஆறு நிமிஷம் போகவும் வரவும் நடக்கச் சொல்லி, எத்தனை மீட்டர் நடந்தார் என்று அளப்பது. கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து அரை நிமிஷத்தில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவது. ஒற்றைக் காலில் எத்தனை விநாடி நிற்க முடிகிறது? கைப்பிடியின் வலு எவ்வளவு? இவை எல்லாம் சிறு பிள்ளை விளையாட்டுப் போல் தோன்றும். ஆனால் கழிப்பறையிலிருந்து பிறர் உதவியின்றி எழுந்திருக்க முடியுமா, பஸ் படியில் தடுமாறாமல் ஏற முடியுமா என்பதெல்லாம் இவற்றில்தான் அடங்கியிருக்கிறது.

அதற்கப்புறம் எழுதிக் கொடுக்கும் சீட்டு, மருந்துச் சீட்டு மாதிரியே இருக்கும். வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு கடுமை, எத்தனை நிமிஷம், எந்த விதப் பயிற்சி என்று நான்கும் அதில் இருக்கும். உதாரணமாக, முதல் வாரம் சம தரையில் பத்து நிமிஷம், நாளுக்கு இரண்டு தடவை; பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது; அட்டையில் 11, 12-க்கு மேல் போக வேண்டாம். பிறகு வாரத்துக்கு வாரம் ஏற்றிக்கொண்டு போவது.

மருந்தையும் படித்திருக்க வேண்டும்

"இவ்வளவுதானா? இதை நம் வீட்டுப் பையனே சொல்லிவிடுவானே!" என்று தோன்றலாம். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

இருதய நோயாளிகள் பலருக்குப் பீட்டா பிளாக்கர் என்ற மாத்திரை கொடுக்கிறார்கள். அது நாடித் துடிப்பை அடக்கி வைக்கும். கையில் கட்டியிருக்கும் கடிகாரம் துடிப்பு 95 என்று காட்டும். "இன்னும் வேகமாக நட" என்று ஊக்கமூட்டவும் செய்யும். அந்த அம்மாளோ ஏற்கெனவே தம் எல்லையைத் தொட்டிருப்பார். கடிகாரத்துக்கு மாத்திரை சாப்பிட்டது தெரியாது, நிபுணருக்குத் தெரியும். அதனால்தான் அவர் கடிகாரத்தை நம்பாமல் அட்டையை நம்புகிறார்.

தசைகள் வேலை செய்யும்போது, இன்ஸுலினின் தயவு இல்லாமலே ரத்தத்திலுள்ள சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ளும். நீரிழிவுக்கு நடை நல்லது என்பதன் ரகசியங்களில் இது ஒன்று. ஆனால் இன்ஸுலின் போட்டுக்கொள்கிறவருக்கு இதுவே ஆபத்தாகவும் முடியலாம். ஊசியும் உறிஞ்சும், தசையும் உறிஞ்சும். சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். பயிற்சிக்குமுன் சர்க்கரை 90-க்குக் கீழே இருந்தால் முதலில் ஏதாவது சாப்பிட்டுவிட வேண்டும். சாயங்காலம் செய்த பயிற்சிக்கு நடுராத்திரியில் சர்க்கரை இறங்குவதும் உண்டு.

இன்னொன்று: விறுவிறுவென்று நடந்துவிட்டுச் சட்டென்று நின்றால், ரத்தம் கால்களில் தேங்கித் தலை சுற்றும். ஆகவே ஆரம்பத்தில் மெதுவாக ஏறி, முடிவில் மெதுவாக இறங்க வேண்டும். எலும்பு மெலிந்தவர்கள் இடுப்பை வளைத்து முறுக்கும் ஆசனங்களைச் செய்தால் முதுகெலும்பு நொறுங்கக்கூடும். காய்ச்சலில் பயிற்சியே கூடாது. ஓய்வாக இருக்கும்போதே மார்பு வலி வந்தால் நடையல்ல, ஆஸ்பத்திரிதான்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் அளவுக்குக் குறைந்தால் அமிர்தமும் வெறும் தண்ணீர்தான். பயந்து பயந்து இரண்டடி நடந்து திரும்பினால் இருதயத்துக்கு ஒரு லாபமும் இல்லை. இரண்டு பக்கமும் தெரிந்து நடுவழி காட்டுவதுதான் நிபுணரின் வேலை.

பாட்டி தூக்கிய பளு

நடுவழி என்றதும், வயதான பெண்கள் என்றால் லேசான பயிற்சிதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவில் கோல்ட் கோஸ்ட் நகரத்தில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. மாதவிலக்கு நின்று, எலும்பு மெலிந்துபோன 101 பெண்கள். சராசரி வயது 65. ஒரு பாதிப் பேர் வீட்டில் லேசான பயிற்சி செய்தார்கள். மறு பாதிப் பேருக்கு வாரத்தில் இரண்டு நாள், அரை மணி வீதம், நிபுணர்களின் நேர்ப் பார்வையில் பளு தூக்கும் பயிற்சி! இளவட்டங்கள் ஜிம்மில் தூக்குவார்களே, அந்த இரும்புத் தண்டைத்தான். முதலில் நன்றாகப் பழக்கி, பிறகுதான் எடையைக் கூட்டினார்கள்.

எட்டு மாதம் கழித்து அளந்தபோது, பளு தூக்கிய பாட்டிமார்களின் கீழ் முதுகெலும்பு சுமார் 3 சதவிகிதம் கெட்டிப்பட்டிருந்தது. லேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1 சதவிகிதத்துக்குமேல் குறைந்திருந்தது. யாருக்கும் எலும்பு முறியவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக் காலையில் அரிசி மூட்டையைத் தூக்கிப் பார்க்க வேண்டாம்! 'நேர்ப் பார்வையில்' என்ற வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது.

புற்றுநோய் விஷயத்திலும் இப்போது புது வெளிச்சம் விழுந்திருக்கிறது. கனடா, ஆஸ்திரேலியா முதலான நாடுகளில், பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோதெரபியும் முடிந்த 889 பேரை இரண்டு பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு ஆரோக்கியப் புத்தகம் மட்டும். இன்னொரு பகுதிக்குப் புத்தகத்தோடு மூன்று வருஷம் ஆலோசகரின் துணையோடு பயிற்சி. பெரும்பாலோர் செய்தது விறுவிறுப்பான நடைதான். 2025-ல் முடிவு வெளிவந்தது. எட்டு வருஷத்துக்குப் பிறகு, பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 90 பேர் உயிரோடு இருந்தார்கள். புத்தகம் மட்டும் பெற்றவர்களில் 83 பேர். பயிற்சி செய்தவர்களுக்குத் தசைவலி, மூட்டுவலி சற்றுக் கூடுதல்தான். நூற்றுக்கு ஏழு உயிர் என்றால் அந்த வலியை யார் பொருட்படுத்துவார்கள்? புத்தகம் இரு சாராருக்கும் ஒன்றே. கூட நின்று, "போன வாரம் எத்தனை நாள் நடந்தீர்கள்?" என்று கேட்க ஓர் ஆள் இருந்ததுதான் வித்தியாசம்.

என்ன படித்திருக்க வேண்டும்?

ஆஸ்திரேலியாவில் இந்த வேலைக்குச் சர்வகலாசாலையில் குறைந்தது நான்கு வருஷம் படிக்க வேண்டும். உடற்கூறு, உடலியக்கம், வியாதிகளின் போக்கு, மருந்துகளின் குணம், மனித மனத்தின் போக்கு எல்லாம் பாடங்கள். ஏட்டுப் படிப்போடு 500 மணி நேரம் நேரடிப் பயிற்சியும் பெற வேண்டும். அதில் பெரும் பகுதி நோயாளிகளோடு. அதன் பிறகு 'எக்ஸர்ஸைஸ் அண்டு ஸ்போர்ட்ஸ் ஸயன்ஸ் ஆஸ்திரேலியா' என்ற தொழிற் சங்கம் தகுதியைப் பரிசீலித்து அங்கீகாரம் கொடுக்கும். அங்கீகாரம் ஒரு தடவை வாங்கி மாட்டிவிடும் படமல்ல. வருஷா வருஷம் மேற்கொண்டு படித்துப் புதுப்பிக்க வேண்டும். முதலுதவியும், நின்ற இருதயத்தை மறுபடி இயக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும்.

அங்கே பிஸியோதெரபிஸ்டுகளுக்குச் சட்டப்படி அரசாங்கப் பதிவு உண்டு. பயிற்சி நிபுணர்களைக் கண்காணிப்பது அவர்களுடைய சங்கமே. ஆகவே 'அங்கீகாரம் பெற்ற' என்ற அடைமொழி இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது நோயாளியின் பொறுப்பு.

அமெரிக்காவில் 1954-ல் ஏற்பட்ட விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற சங்கம் பரீட்சை வைத்துச் சான்றிதழ் கொடுக்கிறது. பி.ஏ., பி.எஸ்ஸி. தரத்துப் பட்டம் மட்டும் பெற்றவரானால் 1,200 மணி நேரம் ஆஸ்பத்திரி அனுபவம் வேண்டும். இதே துறையில் எம்.எஸ்ஸி. தரத்துப் பட்டம் பெற்றவருக்கு 600 மணி நேரம். அந்த நாட்டில் இத்தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று 1995-ல் முதன்முதலாகச் சட்டம் செய்தது லூயிஸியானா மாகாணம்.

ஜிம்மில் பயிற்சி கொடுக்கும் வாலிபரும் இவரும் ஒன்றல்ல என்பது இப்போது தெரிந்திருக்கும். ஜிம் பயிற்சியாளர் ஆரோக்கியமானவரை இன்னும் பலசாலியாக்குகிறவர். பிஸியோதெரபிஸ்ட் அடிபட்ட மூட்டையும், சுளுக்கிய தசையும், வாதத்தில் செயலிழந்த கையும் மறுபடி இயங்கச் செய்கிறவர். பயிற்சி நிபுணர் நாட்பட்ட வியாதியோடு வாழ்கிறவரை, பயிற்சியையே மருந்தாகக் கொடுத்து நெடுங்காலம் நடமாட வைக்கிறவர். பின் இருவரின் எல்லைகளும் பல இடங்களில் ஒன்றோடொன்று கலக்கும். ஆனால் பயிற்சி நிபுணர் டாக்டர் அல்ல. வியாதி இன்னதென்று தீர்ப்புச் சொல்ல மாட்டார். மருந்து எழுத மாட்டார். மாத்திரையை நிறுத்தவும் சொல்ல மாட்டார்.

வீட்டு வேலை போதாதா?

இருதய நோய்க்குப் பிறகு இத்தகைய பயிற்சி வகுப்புகளுக்குப் போகிறவர்கள் மறுபடி ஆஸ்பத்திரியில் சேருவது குறைகிறது. அப்படியிருந்தும் பல நாடுகளில் ஒரே குறை காணப்படுகிறது: ஆண்களைவிடப் பெண்கள் குறைவாகவே இவ்வகுப்புகளுக்கு அனுப்பப்படுகிறார்கள், அனுப்பினாலும் குறைவாகவே போகிறார்கள். காரணம் கேட்டால் நம் வீட்டுக் குரல் மாதிரியே இருக்கிறது. கூட்டிப் போக ஆள் இல்லை. வீட்டில் யார் சமைப்பது? பேரக் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? "எனக்கென்று தனியாக எதற்குத் தேகப் பயிற்சி? காலையிலிருந்து ராத்திரி வரையில் ஓடிக்கொண்டுதானே இருக்கிறேன்!"

கடைசிக் கேள்வி நியாயமானது. பதில் சொல்ல வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், அடுப்பின்முன் நின்று சமைக்கும்போது ஏறக்குறைய இரண்டு பங்கு. கூட்டிப் பெருக்கும்போது மூன்றை ஒட்டி. மணிக்கு மூன்று மைல் வேகத்தில் நடந்தால் மூன்றுக்கு மேல். ஆகவே வீட்டு வேலை வீண் இல்லை. ஆனால் அது பத்து நிமிஷம் குனிவது, ஐந்து நிமிஷம் நிற்பது, நடுவில் டெலிபோன் மணி என்று துண்டு துண்டாகப் போகிறது. தொடர்ந்து அரை மணி நேரம் இருதயத்துக்கு ஒரே சீராக வேலை கொடுப்பதில்லை. வாரத்துக்கு வாரம் படிப்படியாக ஏறுவதும் இல்லை. களைப்பைக் கொடுக்கிறது, பலத்தைக் கொடுப்பதில்லை.

வீட்டிலுள்ள ஆண்பிள்ளைக்கு மாரடைப்பு வந்தால் காரோ ஆட்டோவோ வைத்து வாரம் மூன்று நாள் அழைத்துப் போகிறோம். அம்மாவுக்கு வந்தால் மட்டும், "அவள்தான் வீட்டு வேலை செய்கிறாளே" என்று விட்டுவிடுவது என்ன நியாயம்?

கேட்டு வாங்க வேண்டிய மருந்து

நம் ஊரில் இந்த நிபுணரின் வேலையைப் பெரும்பாலும் பிஸியோதெரபிஸ்டுகளே, இருதய டாக்டரின் மேற்பார்வையில் செய்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் இருதய மறுவாழ்வுப் பிரிவு என்று தனியாகவே இருக்கிறது. ஆனால் கேட்காமல் கிடைக்காது. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் நாளன்று, மருந்துச் சீட்டை வாங்கிப் பையில் வைக்குமுன் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்.

எத்தனை நிமிஷம் நடக்கலாம், எத்தனை நாளில் எவ்வளவு கூட்டலாம்? எவ்வளவு எடை தூக்கலாம், எப்போதிலிருந்து? மாத்திரை சாப்பிட்டு எத்தனை நேரம் கழித்து நடக்க வேண்டும்? என்ன அறிகுறி கண்டால் நிற்க வேண்டும்? பயிற்சியைப் பார்த்துச் சொல்லித் தர இந்த ஆஸ்பத்திரியில் யார் இருக்கிறார், அவருடைய படிப்பு என்ன?

டாக்டர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். மாத்திரை 5 மில்லிகிராமா, 10 மில்லிகிராமா என்று கேட்டால் சுளிப்பாரா? இதுவும் மாத்திரைதான். காசு கொடுத்து வாங்க வேண்டாம், கசக்காது, ஆனால் அளவு தெரிந்து, தினந்தோறும், நாமேதான் சாப்பிட வேண்டும்.